கோமளா நடந்த காலை வழி

என் வாயாடி நாத்தனாரே, கோமளா,

அண்ணி எழுதுகிறேன். மதியம் மூன்று மணி இருக்கும். சமையல் கூடத்துப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. கடல் காற்று இப்போதுதான் ரோட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. வாசலில் உன் வாழைகள் அசைகின்றன, கன்டெய்னர் லாரி வரிசை நகராமல் நிற்கிறது, துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஒரு தடவை ஊதிவிட்டு அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. இந்த நேரத்தில்தான் நீ வருகிறாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து எனக்கு நாலடி முன்னால் நடக்கிறாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினவள் இல்லைதான்.

செத்துப்போனவளிடம் போய் என்ன சண்டை என்று உன் அண்ணன் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்? பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்படியில் முட்டிக்கொண்டவர்கள் நாம். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. கேட்காமல் விட்ட மன்னிப்பு ஒன்று இருக்கிறது. சேதியும் நிறைய இருக்கிறது. நம் குழுப் பெண்கள் இதைக் கையெழுத்துப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம், அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே என் கதையா என்று சிரிக்காதே. நடுவில் பேசவும் பேசாதே.

மகளிர் குழுவிலிருந்து உன்னை மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊறுகாய் போடக் கற்றுக்கொண்டு வருவாய் என்று நினைத்தோம். நீ ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வாயில் நுழையாத ஒரு பேரையும் கொண்டுவந்தாய். பெர்மாகல்ச்சர். கீழ்த்தளத்துப் பாக்கியம், மணலியில் ஒரு கம்பெனியைப் பெருக்கித் துடைக்கப் போகிறவள், குரல் எடுத்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். "பர்மாவா? அத்தோ நூடுல்ஸ் கடை போடப் போறியா?" என்று கேட்டாள் அவள்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். காட்டுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை, ஆனாலும் நிற்கிறது. பெரிய மரம், அதன் நிழலில் சின்ன மரம், அதற்குக் கீழே செடி, கொடி, மண்ணுக்குள் கிழங்கு. ஒன்று உதிர்ப்பது இன்னொன்றுக்குச் சாப்பாடு. அதே மாதிரி தோட்டம் போட்டால் நிலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம்.

"அதெல்லாம் சரி, நமக்கு எங்கடி நெலம்?" என்றேன். "மூணாவது மாடியில கீறோம். எறங்குனா லாரி."

"நெலம் இல்லாட்டி இன்னா அண்ணி, ஜனம் கீதே! மூணாவது மாடி பெரிய மரம். ரெண்டாவது மாடி சின்ன மரம். மொத மாடி செடி..."

"அப்போ கீழ் வூட்டுக்காரி நான் இன்னா, கெழங்கா?" என்று பாக்கியம் கத்தினாள். படிக்கட்டே சிரித்தது. அன்றைக்கு எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

அதற்கப்புறம் நீ செய்ததில்தான் எனக்கு மானம் போயிற்று. ஒரு மாதம் நீ ஒன்றுமே செய்யவில்லை. குழாயடிக்கும் லாரி ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற மூலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். யார் எத்தனை மணிக்கு வேலைக்கு ஓடுகிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறது, தண்ணி லாரி வந்தால் எங்கே சண்டை மூள்கிறது, சண்டை போட்ட அதே ரெண்டு பேர் அப்புறம் எந்த நிழலில் நின்று பேசுகிறார்கள் என்றெல்லாம் பார்த்தாயாம். நீ ஹவுசிங் போர்டு ஆபீசுக்கு உளவு சொல்கிறாய் என்று ஒரு கூட்டம் பேசியது. உனக்கு மூளை கலங்கிவிட்டது என்று இன்னொரு கூட்டம். நான் ரெண்டாவது கூட்டம்.

"இன்னாடி அப்டி குந்திகினு பாக்குற? அசிங்கமா கீது."

"யாருகிட்ட இன்னா மீந்து போவுதுன்னு பாக்குறேன் அண்ணி. அங்க மொதப் பாடமே அதான். ஒரு எடத்துல கைய வெக்கிறதுக்கு முன்னால, அந்த எடம் இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்."

பார்த்து முடித்தபோது உனக்கு ஒரு சங்கதி பிடிபட்டிருந்தது. நம் பிளாக்கில் முப்பது வீட்டில் முப்பது பெண்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து, முப்பது அடுப்பைப் பற்றவைத்து, முப்பது சின்னப் பாத்திரத்தில் அரைகுறையாக எதையோ ஆக்கிவிட்டு ஓடுகிறோம். ஒருத்தியிடம் நேரம் இருக்கிறது, அரிசி இல்லை. ஒருத்தியிடம் டிரம் நிறைய தண்ணீர் இருக்கிறது, ஆக்கத் தெம்பில்லை. முருங்கைக்கீரை மூலையில் உதிர்ந்து கிடக்கிறது. பாக்கியத்தின் கைக்கு அம்மியில் அரைக்கிற பலம் இருக்கிறது, அரைக்க மிளகாய் இல்லை. மீந்ததை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து ஒரே அடுப்பாக எரிக்கலாம் என்றாய். மூடிக்கிடந்த பம்பு ரூமைப் பிளாக் தலைவரிடம் கேட்டு வாங்கினாய். அதுதான் கூடம்.

ஒவ்வொரு வீடும் தன்னிடம் மிஞ்சுவதைக் கொடுக்கும். கையோ, கீரையோ, தண்ணீரோ, ஒரு மணி நேரமோ. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியத்துக்குத் தூக்கில் சோறும் மீன்தலைக் குழம்பும். பாத்திரம் கழுவின தண்ணீரை ஒரு குழிக்குத் திருப்பிவிட்டு, குழியைச் சுற்றி வாழை வைத்தாய். அந்த இலையில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறோம். ஜன்னலை லாரி ரோட்டுப் பக்கம் திறந்துவைத்தாய். "ஓரத்துலதான் அண்ணி எல்லாம் செழிப்பா வளரும். கொளத்துக்கரையப் பாரு" என்றாய். லாரிக்காரர்கள் வந்தார்கள். ஆந்திராவிலிருந்து வருகிற ஒருவர் போகிற வழியில் ஒரு மூட்டை கேழ்வரகை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

உன் சட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு ஆள் இருக்கணும், ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு வேலை தெரியணும். அமாவாசைக்கு அமாவாசை வேலை மாற்று. அரைக்கிறவள் அடுப்புக்குப் போவாள், அடுப்புக்காரி குழியைத் தூர்வாருவாள். எவ்வளவு முனகல்! ஆனால் ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி எழுந்தாள், கூடம் ஒரு நாளும் நின்றதில்லை.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ரெண்டாவது ஆள் இல்லை. காலை வழி. நாலரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு காசிமேடு வரைக்கும் நடந்துபோய், ஏலத்தில் கழிந்த மீன்தலை, பொடிமீன், விறகு என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்புகிற வேலை. "எனக்கு ரெண்டாவது ஆளு நீதான் அண்ணி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு அமாவாசைக்கும் கேட்டாய். ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எவங்கிட்டயும் போய் நின்னு கேக்கறது என்னால ஆவாது. வேற வேலை எது வேணா குடு."

உனக்கு அது திமிராகத்தான் பட்டிருக்கும். திமிர் இல்லை கோமளா. இதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். வியாசர்பாடியில் நான் அஞ்சாவது படித்தபோது அப்பா வேலை செய்த மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு வீடு வீடாகக் கேட்கப் போக வெட்கம். என் கையில் தூக்கைக் கொடுத்து அனுப்புவாள். ஒரு வீட்டில் ஒரு அம்மா அரிசியைப் போட்டுவிட்டு, உள்ளே திரும்பித் தன் பெண்ணைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு, உங்கூடப் படிக்கிற பொண்ணு வந்துக்கீது." அவள் வந்து பார்த்தாள். அன்றைக்குப் பூட்டின வாய் இது. பஸ்சில் வழி கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேறு ஒருத்தியைப் பார்த்திருப்பாயோ? அல்லது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாயோ?

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் காய்ச்சலோடே போய்வந்தாய். ரெண்டாம் நாள் சாயங்காலம் போர்வைக்குள்ளிருந்து கேட்டாய். "அண்ணி, நாளைக்கு ஒரே ஒரு நாளு நீ போய்ட்டு வர்றியா? ஒடம்பெல்லாம் வலிக்குது."

"ஒரு நாளு கொழம்பு இல்லாட்டி யாரும் செத்துப்பூட மாட்டாங்க. பேசாம படு" என்றேன்.

"நான் போவலன்னா கூடம் இன்னா ஆவும்?" என்றாய். நீ போனாய். நனைந்து திரும்பிவந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நான் சொன்ன அந்த வார்த்தை இருக்கிறதே, யாரும் செத்துப்பூட மாட்டாங்க என்றது, அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. என்னை மன்னிச்சுடு கோமளா. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன் காரியம் முடிகிறவரைக்கும் கூடம் பூட்டிக் கிடந்தது. பிளாக் தலைவர் வந்து உன் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "தேவகிம்மா, நடந்தா நடத்துங்க. இந்த மாசத்துக்குள்ள நடக்கலைன்னா ரூமை லாரி புக்கிங் ஆபீசுக்கு கேக்கறாங்க, குடுத்துடுவோம்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாளைக்கே திறக்கிறேன் பார் என்றேன்.

திறந்தேன். ஆனால் உன் வழியில் நான் போகவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. மீனைக் கடையில் வாங்கினேன். விறகை வாங்கினேன், மசாலாவை பாக்கெட்டில் வாங்கினேன். பாக்கியம் மிளகாய் அரைக்க வந்தபோது, "வேணாண்டி, உனக்கு எதுக்குச் செரமம்" என்று திருப்பி அனுப்பினேன். கீரை கொண்டுவந்தவளையும் அப்படித்தான். யாரையும் கஷ்டப்படுத்தாமல் நடத்துகிறேன் என்று எனக்குள்ளே ஒரே பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்து நீ எங்கேயோ உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

பத்து நாள்கூட ஆகவில்லை. குழம்பில் உப்பில்லை என்றாள் ஒருத்தி. கூழ் நீர்த்துப்போச்சு என்றாள் இன்னொருத்தி. இலை கிழிந்திருக்கிறது, வரிசை மெதுவாகப் போகிறது, நேற்று வைத்த மீன் நாறுகிறது. உன் காலத்தில் மண் விழுந்த கூழைக்கூட மூச்சுவிடாமல் குடித்தவர்கள் இவர்கள்! பிறகு ஒவ்வொருத்தியாக வராமல் நின்றாள். மறுபடி விடியலில் முப்பது அடுப்பு. கூடத்தில் நானும் பெரிய சட்டியும்தான்.

பாக்கியத்தின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். "இன்னா கொறை வெச்சேன் உங்களுக்கு? அல்லாத்தையும் நானே வாங்கிப் போடறேன், தின்னுட்டுப் போறதுக்கு இன்னாடி வலிக்குது?"

அவளும் விடவில்லை. "அதாண்டி வலிக்குது! முன்னல்லாம் அந்தக் கொழம்புல எங் கையால அரைச்ச மசாலா கெடக்கும். நல்லாயில்லன்னு எவளாவது சொல்லட்டும், பல்ல ஒடைச்சிருப்பேன். இப்ப இன்னாமோ ஓட்டலுக்கு வந்து குந்துனா மாதிரி கீது. ஓட்டல்ல உப்பு இல்லாட்டி கேக்கத்தான் செய்வாங்க." கத்திவிட்டு அழுதாள். "கோமளா ஒரு நாளாவது எங்கிட்ட கேக்காம இருந்துச்சா? நீ எங்ககிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறியே தேவகி."

மார்கழிப் பனியில் ஒரு நாள், நாலரை மணிக்கு உன் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். சிமென்ட் சாக்கில் நீயே தைத்த பை, சிவப்பு வார் போட்டது. எங்கே போகணும் என்றே எனக்குத் தெரியாது. காசிமேடு என்பது மட்டும் தெரியும். உன் நோட்டில் ஒரு மீன், ஒரு டம்ளர், ஒரு கட்டை என்று படம் போட்டிருந்தாயே தவிர, பேரா, இடமா, ஒன்றும் எழுதவில்லை. பனியில் எல்லாம் பாதிப் பாதிதான் தெரிந்தது. தூரத்தில் மணலிப் பக்கத்துச் சிம்னி நெருப்பு மட்டும் வானத்தில் தனியாக மிதந்தது. எனக்கு முன்னால் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. என் செருப்புத்தானோ என்னவோ.

ஏலம் நடக்கிற இடத்தில் ஓரமாக நின்றேன். ஒரே கூச்சல், ஒரே ஈரம். என் வாய் பூட்டிக்கொண்டது. கூடையும் தானுமாக இருந்த ஒரு மீன்காரம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"யம்மா, மீனு வேணும்னா வா, இல்லாட்டி வழிய வுட்டு நில்லு." அப்புறம் அவள் கண் பையில் விழுந்தது. "தே, இது கோமளா பையாச்சே! நீ யாரு? அது எங்க? சொல்லாம கொள்ளாம ஊருக்குப் பூடுச்சா? நானும் தெனம் தலையெல்லாம் ஐசுல போட்டு வெச்சு வெச்சுக் கொட்டிகினு கீறேன்!"

யாரும் அவளுக்குச் சொல்லவில்லை கோமளா. யார் சொல்லியிருப்பார்கள்? இந்த வழி உனக்கு ஒருத்திக்குத்தானே தெரியும். நீ செத்து மாதம் ஒன்றாகியும், இந்த வழி முழுக்க நீ உயிரோடுதான் இருந்திருக்கிறாய்.

"செத்துப்பூடுச்சு" என்றேன். வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. போயிட்டா, இப்ப இல்ல, என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "கோமளா செத்துப்பூடுச்சுங்க. நான் அதோட அண்ணி."

அவள் அப்படியே கூடைமேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏலத்தை விட்டுவிட்டு வந்தாள். எனக்கும் நிற்கமுடியவில்லை, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் அவள் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் பையை வாங்கித் தலைகளை அள்ளிப் போட்டாள். "அது கொண்டார கூழு ரெண்டு மடக்கு குடிச்சாத்தான் எனக்கு இங்க கொரலே எழும்பும். நீ ஒண்ணும் கொண்டாரலியா?" என்றாள். நான் வெறும் பையோடு போயிருந்தேன். நீ ஒரு நாளும் வெறும் பையோடு போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "இங்கேந்து நேரா டீக்கடைக்குத்தான் போவும். அதோ அங்க. போ, அந்தாளு பாத்துகினு இருப்பாரு."

டீக்கடைக்காரர் பையைப் பார்த்ததும் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். சொன்னேன். அவர் என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கொதித்துக் கழிந்த டீத்தூள், சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, சுவரோரம் அடுக்கியிருந்தது. உன் வாழைக்கும் முருங்கைக்கும் போடுகிற உரம். "வரும் வரும்னு சேத்து வெச்சேன். கொட்ட மனசு வரல" என்றார். நீ அவருக்கு முருங்கைக்கீரை கொடுப்பாயாமே, அவர் சம்சாரத்துக்கு ரத்தம் கம்மி என்று? எனக்கு ஒரு டீ வைத்துவிட்டு, திரும்பி நின்று ஒரே கிளாசை ரொம்ப நேரம் கழுவினார். அவர்தான் அடுத்த இடத்தைச் சொன்னார்.

விறகுத் தொட்டிக் கிடங்கில், கப்பலில் வந்து உடைந்த மரப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. வாட்ச்மேன் வயசானவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்தார். பிரிக்கவே இல்லை. "எம் பொண்ணு வந்தவாசியிலேந்து போட்டுக்கீது. கோமளாதான் படிச்சுச் சொல்லும். வேற யாருகிட்டயும் குடுக்கப் புடிக்கல, அதான் வெச்சிருந்தேன்."

பிரித்துப் படித்தேன். பேரன் பிறந்திருந்தான். அவருக்குத் தெரியாமலே ஒரு மாதம் தாத்தாவாக இருந்திருக்கிறார். அந்தப் பனியில், உடைந்த பெட்டிகளுக்கு நடுவில், நான் அழுதுகொண்டே படிக்க அவர் அழுதுகொண்டே சிரித்தார். எது எதற்கு அழுகை என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. கட்டைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, "நீ நாளைக்கும் வருவியா?" என்று கேட்டார். வருவேன் என்றேன்.

கூடம் என்றால் முப்பது வீடு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது காசிமேடுவரைக்கும் இருந்திருக்கிறது. நான் பிச்சை என்று நினைத்து நடுங்கின வழியில் ஒருத்தர்கூட என்னை அந்த மாதிரி பார்க்கவில்லை. மறுநாள் ஒரு தூக்கில் கூழும், ஒரு கட்டுக் கீரையும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பிவந்ததும் முதல் வேலையாகப் பாக்கியத்தின் கதவைத் தட்டி, "மசாலா அரைச்சுக் குடுடி" என்று கேட்டேன். "கேக்கறதப் பாரு, அதிகாரமா" என்று திட்டிக்கொண்டே அம்மியைக் கழுவினாள். மாதம் முடிவதற்குள் முப்பது வீடும் திரும்பிவிட்டது. பிளாக் தலைவர் ஒரு நாள் வந்து வரிசையில் நின்று கூழ் குடித்தார். புக்கிங் ஆபீஸ் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இனி இன்றைய சேதி. ரெண்டு மாதமாக நான்தான் போகிறேன், தினமும், ஒருத்தியாக. வேலை மாற்றில் என் பேரைச் சேர்க்கவேண்டாம் என்று அமாவாசையன்று பாக்கியத்தை அடக்கிவிட்டேன். போன வாரம் சளி பிடித்து, நெஞ்சு அடைத்து, இருமல். உன் அண்ணன் இன்றைக்குப் போகாதே என்றார். "நான் போவலன்னா கூடம் இன்னா ஆவும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னையே பார்த்தார். எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. உன் வார்த்தை, உன் குரல், எழுத்துப் பிசகாமல்.

அன்றைக்கே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உன் மூலையில் உட்கார்ந்தேன். நாலு நாள் பார்த்தேன். கடல் பொங்கின சுனாமி வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, நம் பிளாக்கில் அக்காள் வீட்டோடு வந்து ஒண்டினாளே சரோஜா, ஞாபகம் இருக்கிறதா? யாரோடும் பேசாதவள். எல்லாரும் போனபிறகு, யாரும் சொல்லாமலே, சட்டியைத் தேய்த்து, கழுவின தண்ணீரை வாழைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் என் கண்ணில் பட்டதே இல்லை. காலை வழிக்கு வருகிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

"பேசாத பொண்ண கேக்கறதுக்கு இட்டுகினு போறியே, மெய்யாலுமே உனக்குக் கிறுக்குத்தான்" என்றாள் பாக்கியம். எனக்கும் அந்தப் பயம்தான். முந்தாநாள் கூட்டிப்போனேன். மீன்காரம்மாவைப் பார்த்ததும் நான் பையை விரிக்கப்போனேன். சரோஜா சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு கேக்காத அக்கா. போட்டப் பாரு, தண்ணிக்கு மேலாக்கா மெதக்குது. மீன்பாடே இல்ல. கூழ மட்டும் குடுத்துட்டு வந்துடலாம்."

திரும்பிப் பார்த்தேன். வந்து கட்டின போட்டுகள் எல்லாம் லேசாக, உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. ரெண்டு மாதம் தினமும் போன எனக்கு அது தெரியவில்லை. எத்தனை வெறும் நாளில் நான் போய் அவள்முன் பையை விரித்தேனோ, அவளும் சொல்லாமல் போட்டாளோ. கூழைக் கொடுத்தோம். மீன்காரம்மா சரோஜாவை ஏற இறங்கப் பார்த்து, "இது கடல்காரப் பொண்ணு" என்றாள். அன்றைக்குக் குழம்பு முருங்கைக்காயில்தான் வைத்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, ஆள் கிடைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை கோமளா. வயிறு எரிகிறது. உண்மையைச் சொல்லுகிறேன், கூடத்துக்காக மட்டுமா நான் தினமும் எழுந்து ஓடினேன்? அந்தப் பனியில் எனக்கு முன்னால் செருப்பு தேய்கிற சத்தத்துக்காகத்தான் ஓடினேன். வீட்டில் நீ இல்லை. உன் துணி மடித்துவைத்தாகிவிட்டது. அந்த வழி ஒன்றில்தான் இன்னும் இருக்கிறாய். அதில் பாதியை எடுத்து இன்னொருத்தியிடம் கொடு என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நீயும் இதனால்தான் உன் வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாயா? அங்கே உனக்கு யார் இருந்தார்கள்? கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு நாள் ஓய்வு. அதை நான் உனக்குக் கொடுக்கவில்லை. இப்போது உனக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை, அதனால் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன். எனக்கு உடம்பு முடியாத நாளில் நான் எழுந்திருக்க மாட்டேன். முடிகிற நாளிலும் ஒரு நாள் நான், ஒரு நாள் சரோஜா. அவளுக்கும் ரெண்டாவது ஆள் வரும்வரை விடமாட்டேன். நெஞ்சுச் சளி இன்னும் கரையவில்லை, எனவே நாளைக்கே ஆரம்பம். நாலரை மணிக்கு முழிப்பு வரும், எனக்குத் தெரியும். வந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பேன். நீ படுத்திருக்கவேண்டிய மாதிரி.

நாளைக் காலையில் வழியில் என்னைத் தேடாதே கோமளா. சரோஜா வருவாள், அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு முன்னால் நட.

இந்தத் தடவை உன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் படுத்துக்கொள்ளப் போகிற,
உன் அண்ணி
தேவகி